கதிரையோடு வந்த சாட்சி

மாப்பிள்ளை விசாரிக்க வெளியூர் ஆட்கள் எங்கள் ஒழுங்கைக்குள் நுழைந்தால், அவர்கள் எப்படியாவது அங்கே தனியாக இருந்த அக்காவின் வீட்டுப் படலையைத் திறக்காமல் பார்த்துக்கொள்வது எங்கள் எல்லோருக்கும் பொதுவான வேலையாக இருந்தது. அக்கம்பக்கத்தில் விசாரிப்பது ஊர் வழமை. விசாரித்தால் நல்லதாக நாலு வார்த்தை சொல்லி அனுப்புவது அதைவிடப் பெரிய வழமை. இவர் மட்டும் அந்த வழமைக்குள் அடங்கவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒரு பெடியனைப் பற்றி ஒருமுறை மூதூர்ப் பக்கத்து ஆட்கள் வந்து அவரிடமே கேட்டுவிட்டார்கள்.

“பெடியன் குடிப்பானோ அக்கா?”

“குடிச்சதை நான் காணேல்லை.”

வந்தவர்களின் முகம் மலர்ந்தது. அவர் முடிக்கவில்லை.

“சந்தைக்குப் பின்னால வாய்க்காலுக்க விழுந்து கிடந்ததை ரெண்டு தரம் கண்டனான்.”

அந்தக் கலியாணம் அதோடு சரி. பெடியனின் தாய் மூன்று நாள் படலையில் நின்று மண் அள்ளித் தூற்றினாள். இவர் எட்டிப்பார்த்து, “நான் குடிகாரன் எண்டு சொன்னனானோ? விழுந்து கிடந்தவன் எண்டுதானே சொன்னனான்” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கு அதில் பெரிய வித்தியாசம் இருந்தது. எங்களுக்கு அது புரிய நெடுங்காலம் சென்றது.

பெரியாஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் அவர் அற்றெண்டன். ஆள் கட்டை, முழங்கால் வாதம், நடக்கும்போது ஒரு பக்கம் சரிந்து நடப்பார். ஒழுங்கையில் முகத்துக்கு நேரே எல்லோருக்கும் ‘அக்கா’. நீதிமன்றம் ஏறிச் சாட்சி சொல்கிறவர் என்பதால் முதுகுக்குப் பின்னால் ‘கோட்டுக்காரி’. அவருக்குப் புருஷன் இருந்தானா, அவன் அடித்தானா, விட்டுவிட்டு ஓடினானா என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கதை ஓடியது. ஒருநாள் அம்மாவே வாய்விட்டுக் கேட்டதற்கு, “அடிச்சதை நீங்க கண்டனீங்களோ? இல்லைத்தானே. அப்ப விடுங்கோ” என்றார். இன்றுவரை எனக்கு அது தெரியாது.

எனக்கு அவரைப் பிடிக்காது. இதைச் சொல்லாமல் விட்டால் அவருடைய கணக்கில் நான் பொய்க்காரி ஆகிவிடுவேன்.

எங்கள் ஒழுங்கைக்கு ஒரு மரியாதை இருந்தது. ஒரு வீட்டில் பெண்சாதிக்கு அடி விழத் தொடங்கினால் மற்ற வீட்டு யன்னல்கள் சாத்துப்படும். றேடியோ இருக்கிறவர்கள் சத்தத்தைக் கூட்டுவார்கள். அடுத்த வீட்டு அழுகையைக் கேட்காமல் விடுவது நல்ல குடும்பத்துப் பிள்ளைகளின் பழக்கம் என்று அம்மா எனக்குச் சொல்லித் தந்திருந்தார். நானும் நன்றாகவே பழகியிருந்தேன். அடுத்த நாள் காலை குழாயடியில் அந்தப் பெண் முகம் வீங்கி நின்றால், மழையைப் பற்றிக் கதைப்போம்.

இதைக் குழப்பினவர் அவர்தான். ஒழுங்கையின் கடைசி வீட்டில் லொறி ஓட்டுகிற ஒருவன் பட்டப்பகலில் பெண்சாதியைப் போட்டு உதைத்துக்கொண்டிருந்தான். யன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்துப்பட்டன. இவர் வீட்டுக்குள்ளிருந்து ஒரு மரக்கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நெடுநேரம் நிற்க அவருக்கு ஏலாது. கதிரையை அந்த வீட்டு வாசலுக்கு நேரே வைத்து, சீலையை இழுத்து விட்டுக்கொண்டு இருந்தார்.

லொறிக்காரன் வெளியே பார்த்தான். “என்னடி பாக்கிறாய்?”

“நீ செய்யிறதைத்தான். நீ உன்ர பாட்டுக்குச் செய். நான் கண்டதைக் கொண்டுபோய்ச் சொல்லுவன்.”

“ஆரிட்டச் சொல்லுவாய்?”

“முதல்ல பொலிசுக்கு. பிறகு கோட்டுக்கு. எனக்கு லீவு கிடக்குது.”

வீம்புக்கு அவன் இன்னும் இரண்டு உதை உதைத்தான். அதற்குமேல் அவனால் ஏலவில்லை. ஒருத்தி கதிரை போட்டு இருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அடிப்பது லேசான காரியம் இல்லைப் போலும். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனான். இவர் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனார்.

பொலிசில் சார்ஜன் சொன்னதை அந்தப் பெண் பிறகு எங்கள் எல்லோருக்கும் நடித்தே காட்டினாள். “புருஷன் பெண்சாதி கதை அம்மா இது. நாளைக்குச் சேந்திடுவினம். உங்களுக்கேன் இந்தக் கரைச்சல்?”

“சேரட்டும் ஐயா. வடிவாச் சேரட்டும். சேந்தாப் பிறகும் நான் கண்டது கண்டதுதானே. எழுதுங்கோ.”

சார்ஜன் ‘பல தடவை உதைத்தார்’ என்று எழுதி வாசித்தாராம். இவர் மறித்து, “பல எண்டு நான் எப்ப சொன்னனான்? நான் எண்ணினது ஆறு. ஆறு எண்டு எழுதுங்கோ” என்று வெட்டி எழுதவைத்த பிறகே கையெழுத்து வைத்தார். கோட்டில் லொறிக்காரனுக்குக் குற்றப்பணம் விழுந்தது. அதற்குப் பிறகு இன்னும் மூன்று வீட்டு வாசலில் அந்தக் கதிரை ஏறியது. மூன்று வழக்கிலும் அவர் கண்டதைச் சொன்னார், மூன்றும் வென்றன. எங்கள் ஒழுங்கை ஆண்கள் அதோடு திருந்திவிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். கதவைச் சாத்திவிட்டு அடிக்கப் பழகினார்கள்.

என் அண்ணாவும் பழகினான்.

அண்ணா பொல்லாதவன் என்று எழுதினால் எனக்கு வேலை சுலபம். அப்படி எழுத ஏலாது. என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்ப் பரீட்சை எழுதவைத்து, முடியும்வரை வெயிலில் வெளியே நின்றவன் அவன். நான் ரீச்சராக வந்ததும் அவனால்தான். அவன் வேலை செய்த துறைமுகக் கந்தோரில் அவனைப் பற்றி ஒருவர் ஒரு குறை சொன்னதில்லை. எங்கள் முன்னால் குரல் உயர்த்தமாட்டான். மச்சாளுக்கு மட்டும் அடித்தான். கிளிவெட்டியிலிருந்து கலியாணம் செய்து வந்தவள் அவள், வயல்காரரின் மகள். அவன் அடித்தால் வாய்க்குள் சீலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு நிற்பாள். அம்மா அதை அடக்கம் என்று புகழுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் சத்தம் போட்டுவிட்டாள். தகப்பனுக்குக் கடுமையாக வருத்தம், பாயோடு படுத்துவிட்டார் என்று ஆள் வந்து சொல்லியிருந்தது. அடுத்த நாள் லாஞ்சில் கடலால் மூதூருக்குப் போய்க் கிளிவெட்டிக்குப் போகட்டுமோ என்று சாப்பிட்டு முடிந்ததும் கேட்டாள். அவன் ஏலாது என்றான். “என்ர அப்பாவைப் பாக்க நான் ஆரிட்டயும் கேக்கத் தேவையில்லை” என்று அவள் சொன்னாள். அவ்வளவுதான். கதவுக்குப் போடுகிற தடியை அவன் எடுத்தான். கதவு ஏற்கெனவே சாத்தியிருந்தது. நான் அந்த அறைக்குள்ளேயே, இரண்டு முழத்துக்கு அப்பால் நின்றேன். மச்சாள் குந்தி இருந்து தலையைக் கையால் மூடிக்கொண்டாள். அந்தக் கையிலும் நெற்றியிலும் தடி விழுந்தது. அவள் வாயில் சீலை இல்லை. ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. “யன்னலைச் சாத்தடி! கோட்டுக்காரி வரப்போறாள்!”

நான் யன்னலடிக்குப் போனேன். அவர் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தார், கதிரையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சரிந்து சரிந்து. என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்குப் பின்னால் இன்னொரு அடி விழுந்தது. நான் யன்னலைச் சாத்திக் கொக்கியைப் போட்டேன். போட்டுவிட்டு, நல்ல குடும்பத்துப் பிள்ளை அல்லவா, றேடியோவையும் கூட்டிவிட்டேன்.

பின்னேரம் கதவு திறந்தபோது கதிரை அங்கேயே இருந்தது. மச்சாள் நெற்றியில் துணியைப் பொத்திக்கொண்டு படியிறங்கினாள். அவர் எழுந்து அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நாலு தையல். காயத்துக்குக் காரணம் என்று டிக்கற்றில் என்ன எழுதுவது என்று டொக்டர் கேட்டபோது, வழமையாகப் பெண்கள் சொல்கிற ‘விழுந்திட்டன்’ மச்சாளின் வாய்வரை வந்ததாம். கட்டிலடியில் நின்ற இவர், “விழுந்தனீ எண்டா விழுந்தனீ எண்டு சொல்லு. அடிச்சவர் எண்டா அடிச்சவர் எண்டு சொல்லு. ரெண்டையும் மாத்தாத” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மச்சாள் அடித்தவர் என்று சொன்னாள்.

பொலிசில் முறைப்பாடு எழுதினார்கள். அதோடு கோட்டுக்குப் போக ஏலாது. அந்தக் காலத்தில் இப்படியான அடிதடி எல்லாம் முதலில் இணக்கசபைக்குப் போகவேண்டும். ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் இருந்து சமாதானம் செய்வார்கள். சமாதானம் வரவில்லை என்று அவர்கள் ஒரு கடிதம் தந்தால்தான் கோடு வழக்கை எடுக்கும். கடிதம் தருவது அவர்களுக்குப் பெரிய மானக்கேடு. ஆகவே தரமாட்டார்கள், தவணை போடுவார்கள்.

“பிள்ளை, கோவத்தில கை நீட்டிப்போட்டான். நீ கொஞ்சம் பொறுத்துப் போ” என்றார்கள். அண்ணா வெள்ளை வேட்டியோடு, “அவள் படியில விழுந்தவள் ஐயா. நான் அடிக்கேல்லை. இப்பவும் கூட்டிக்கொண்டு போக நான் ரெடி” என்றான். அம்மாவோடு நானும் அவனுடைய பக்கத்தில் இருந்தேன். மூன்று தவணை. மூன்று தரமும், தகப்பன் வீட்டுக்குப் போய்விட்ட மச்சாள் கிளிவெட்டியிலிருந்து மூதூருக்கு வந்து, லாஞ்ச் ஏறிக் கடல் கடந்து வந்தாள். களைத்து விழுந்து ஓமென்று சொல்லிவிடுவாள் என்று சபை நினைத்தது. நாங்களும் நினைத்தோம். மூன்றாவது தரம், வாசலில் தன் கதிரையைப் போட்டு இருந்த இவர் உள்ளே கேட்கச் சத்தமாகச் சொன்னார்.

“ஐயாமாரே, இணங்கேல்லை எண்டு ஒரு கடிதம் இருக்குதாமே. அவள் இணங்கேல்லை. மூண்டு தரம் நீங்களே கண்டனீங்கள். கண்டதை எழுதித் தாங்கோ.”

தலைவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தார்.

வழக்குக்கு முதல் வாரம் அவர் என் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“யன்னல் சாத்தினதை நான் பொலிசில சொன்னனான். யன்னல் சாத்திறது குற்றமோ எண்டு சிரிச்சிட்டு எழுதாமல் விட்டிட்டாங்கள். நான் அடிச்சதைக் காணேல்லை. நீ கண்டனீ. வந்து சொல்லுவியோ?”

“நான் ஒண்டும் காணேல்லை” என்றேன்.

“சரி” என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். அந்த ‘சரி’யைப் போல ஒரு சொல்லை அதற்கு முன்போ பின்போ நான் வாங்கிக்கட்டியதில்லை.

வழக்கன்று கோட்டுப் படியில் மச்சாளின் தகப்பன் இருமிக்கொண்டு நின்றார். வருத்தம் இன்னும் மாறவில்லை. எங்களைக் காணாமல் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். “பிள்ளை, கோடே உன்னைப் பொய்க்காரி எண்டு சொன்னா நான் உன்னை என்னெண்டு வீட்டில வைச்சிருக்கிறது? உனக்குக் கீழ ரெண்டு குமர் கிடக்குது. பிறகு நீ அவனிட்டத்தான் போகவேணும்.” அவள் ஓமென்று தலையாட்டினாள். தையல் போட்ட இடம் இன்னும் சிவந்துதான் இருந்தது. நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டு உள்ளே போய், அண்ணாவின் ஆட்களுக்கான வாங்கில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

மச்சாள் நடந்ததைச் சொன்னாள். படியில் விழுந்தாலும் இப்படிக் காயம் வரலாம்தானே என்று அண்ணாவுக்காக வழக்குப் பேசின அப்புக்காத்து டொக்டரிடம் கேட்டார். வரலாம் என்று டொக்டர் சொன்னார். மிச்சம் இருந்த சாட்சி இவர் ஒருத்திதான். கோட்டுக்காரி பொய் சொல்லப்போகிறாள், இன்றைக்கு அகப்படுவாள் என்று எங்கள் வாங்கில் எல்லோருக்கும் சந்தோசம். அப்புக்காத்து கெட்டிக்காரர். அவர் வேறு வழியால் வந்தார்.

“அம்மா, நீங்கள் கண்டதை மட்டும் சொல்லுறவர் எண்டு ஊரெல்லாம் கதை. சரியோ?”

“ஓம்.”

“இந்தக் கோட்டில இதுக்கு முதல் நாலு தரம் சாட்சி சொன்னனீங்கள். ஒண்டாவது பொய்யெண்டு தீர்ப்பு வந்ததோ?”

“இல்லை.”

“கூட்டிக் குறைச்சுச் சொல்லுற பழக்கம் உங்களிட்ட இல்லை?”

“இல்லை.”

அவர் நீதவானைப் பார்த்து, “இப்படிப்பட்ட சாட்சியை நான் நம்புகிறேன் கனம் ஐயா. எல்லோரும் நம்பவேண்டும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். “இப்ப சொல்லுங்கோ. இவர் அடிச்சதை நீங்கள் கண்டனீங்களோ?”

கூட்டில் நின்ற அக்கா மச்சாளைப் பார்த்தார். அவளைக் காப்பாற்ற ஒரு சொல் போதும். முழு ஒழுங்கையும் அந்தச் சொல்லை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தது.

“இல்லை. நான் காணேல்லை.”

மச்சாளின் தகப்பன் “ஐயோ கடவுளே” என்று நெற்றியில் கை வைத்தார். அம்மா என் தொடையில் தட்டினார். அப்புக்காத்து கையைத் துடைத்துக்கொண்டு இருந்துவிட்டார். உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரம் அவர் பொய் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

நீதவான் பேனையை வைக்கவில்லை. “அப்போ நீர் என்னதான் கண்டீர்?” என்று அவரே கேட்டார்.

“உள்ளுக்க பிள்ளை கத்திக்கொண்டிருக்கேக்க, உள்ளுக்க நிண்டு ஒரு ஆள் யன்னலைச் சாத்தினதைக் கண்டனான் ஐயா. சாத்தின ஆளையும் கண்டனான். நடந்ததைக் கண்ட ஆள் அதுதான்.”

“யார்?”

“அந்தா. ரெண்டாம் வாங்கில, நீலச் சீலை.”

அப்புக்காத்து துள்ளி எழும்பினார். ஆனால் என்ன சொல்வது? இந்தச் சாட்சி ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லமாட்டா என்று கோட்டுக்குச் சத்தியம் செய்யாத குறையாக நிரூபித்தவர் அவர்தானே. நீதவான் என்னைக் கூப்பிட்டார். நான் எழும்பியபோது அம்மா என் சீலைத் தலைப்பைப் பிடித்தார். “அண்ணாடி” என்றார். தலைப்பை உருவிக்கொண்டு போனேன். என் கால்தான் நடந்தது; தைரியம் என்று ஒன்றும் அப்போது இல்லை.

சாட்சிக் கூட்டில் ஏறி உண்மை சொல்வதாக உறுதி செய்தேன். நீதவான் கேட்டார். கதவுத் தடி, குந்தியிருந்த மச்சாள், மூடின கை, எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாவைப் பார்க்காமல்தான் சொன்னேன். சொல்லி முடிந்ததும் அப்புக்காத்து மிச்சமிருந்த ஒரே துரும்பைப் பிடித்தார்.

“ரீச்சர், நீர் இவ்வளவையும் கண்டது உண்மையெண்டா, தடுக்கப் போகாமல், ஆளைக் கூப்பிடாமல், யன்னலை ஏன் சாத்தினனீர்?”

நான் திக்குமுக்காடுவேன் என்று அவர் நினைத்தார். அம்மா சொன்னவ என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். வாங்கில் அம்மாவின் முகம் வெளிறிப் போயிருந்தது. நான் சாட்சிகளின் பக்கத்தில் இருந்த அவரைக் காட்டினேன்.

“இவ கண்டிடுவா எண்டுதான்.”

அப்புக்காத்து தன் கடதாசிகளை அடுக்கத் தொடங்கினார்.

அண்ணாவுக்குக் குற்றப்பணமும், ஒரு வருடத்துக்கு மச்சாளின் பக்கம் போகாமல் ஒழுங்காக இருக்கவேண்டும் என்று பிணையும் போட்டார்கள். மச்சாள் அன்று பின்னேர லாஞ்சில் தகப்பனோடு கிளிவெட்டிக்குப் போனாள். எங்கள் வீட்டுக்கு அவள் பிறகு வரவே இல்லை. பொய்க்காரி என்று அவளை ஒருவரும் சொல்லவும் இல்லை.

கோட்டு மரத்தடியில் அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார், முதுகில் தட்டுவார் என்று நான் காத்துநின்றேன். மனுசி செருப்பைத் தட்டிப் போட்டுக்கொண்டே, “யன்னலை அண்டைக்கே திறந்து விட்டிருக்கலாம்” என்றார். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. வீடும் போய், அண்ணாவும் போய், எனக்குப் பேசிவந்த கலியாணமும் போகப்போகிறது, இவ என்னடாவென்றால்! அழுதேவிட்டேன். அவர் நான் அழுது முடியுமட்டும் நின்றார். பிறகு, “இப்ப வீட்டை போகாத. என்னட்ட வா. கட்டில் ஒண்டுதான், நான் பாயில படுப்பன்” என்றார். அவரிடம் இரண்டு மாதம் இருந்தேன். சமையல் வாயில் வைக்க ஏலாது. அதையும் ஒருநாள் கேட்டார். கண்டதைச் சொன்னேன். முதல்தடவையாக அவர் வாய்விட்டுச் சிரித்ததைக் கேட்டேன்.

பிறகு எனக்கு வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்தது. ஓய்வெடுத்த பிறகு அவர் மன்னாருக்குத் தங்கையிடம் போனார் என்கிறார்கள். தம்பலகாமத்தில் செத்தார் என்றும் சொல்கிறார்கள். நான் காணவில்லை. ஆகவே எழுதமாட்டேன்.

லிங்கநகரில் நான் வீடு கட்டினபோது, வீதிப் பக்க யன்னலுக்குக் கதவு வேண்டாம், கம்பி மட்டும் போதும் என்றேன். மேசன் என்னை விசரி என்று நினைத்தான். “வாடைக் காத்துக்கு மழை உள்ளுக்க அடிக்கும் ரீச்சர். கதிரை எல்லாம் நனையும்” என்றான்.

நனையட்டும்.